பறவைத் தீனியில் அந்துப்பூச்சி: மருந்து வைக்காமல் ஒழிக்க முழுமையான வழிகாட்டி

சாயங்காலம் விளக்குப் போட்டதும் கூண்டைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சின்னப் பூச்சிகள் தடுமாறித் தடுமாறிப் பறக்கின்றன. தினை டப்பாவில் கையை விட்டால் மணிகள் நூலாம்படையோடு கொத்தாக வருகின்றன. இரண்டும் சேர்ந்து இருந்தால் உங்கள் வீட்டில் அந்துப்பூச்சி குடியேறிவிட்டது. ஜன்னலைச் சாத்திப் பயனில்லை. பெரும்பாலும் அது கடையில் வாங்கிய தீனியோடு முட்டையாகவே உள்ளே வந்திருக்கும்.

பறக்கிற பூச்சி தீனியைத் தின்பதில்லை. ஒன்றிரண்டு வாரம் உயிரோடு இருந்து, இணை சேர்ந்து, முட்டையிட்டுச் செத்துவிடும். தின்பதெல்லாம் புழுதான். ஒரு பெண் பூச்சி 100 முதல் 400 முட்டை வரை இடும். முட்டை ஒவ்வொன்றும் அரை மில்லிமீட்டர் அளவுதான். தினை மணிமேல் ஒட்டியிருந்தால் யார் கண்ணுக்கும் தெரியாது. 28 முதல் 30 டிகிரி வெப்பத்தில் முட்டை புழுவாகி, கூட்டுப்புழுவாகி, மறுபடி பூச்சியாக நாலு முதல் ஆறு வாரம் போதும். நம் குமரி மாவட்டத்தில், நாகர்கோவிலிலும் குளச்சலிலும், வருஷம் முழுக்க ஏறக்குறைய அந்த வெப்பம்தான். குளிர் நாடுகளில் குளிர்காலம் வந்தால் இதற்கு ஓய்வு கிடைக்கும். நம் ஊரில் அதற்கு லீவே கிடையாது.

அதனால் செய்ய வேண்டியது இரண்டு. புதிதாக வரும் தீனியிலுள்ள முட்டையை வீட்டுக்கு வந்த அன்றே கொல்ல வேண்டும். ஏற்கெனவே வீட்டில் இருப்பதை அடுத்த தலைமுறைக்குப் போகவிடாமல் இரண்டு மாதம் தடுக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாமே இந்த இரண்டுக்குள் அடங்கும்.

எந்தப் பூச்சி என்று முதலில் பாருங்கள்

எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம் என்றாலும், எது என்று தெரிந்தால் எங்கே தேடுவது என்று தெரியும்.

தினை, கம்பு, சாமை, பனிவரகு கலந்த லவ் பேர்ட்ஸ் தீனியில் நம் பக்கம் அதிகம் வருவது அரிசி அந்துப்பூச்சி. உடம்பு முழுக்க ஒரே சாம்பல் கலந்த பழுப்பு. உட்கார்ந்தால் இறக்கையை உடம்போடு சுருட்டி வைத்துக்கொள்ளும். புழு வெளிறிய நிறம், தலை மட்டும் பழுப்பு. இது போகிற வழியெல்லாம் நூல் விட்டு மணிகளைக் கட்டிப்போடும். டப்பாவின் மேல் அடுக்கே ஒரு துணி போலப் பின்னிக்கிடந்தால் இதுதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு நிறப் பூச்சி இன்னொன்று உண்டு. இறக்கையின் முன்பகுதி வெளிறிய சாம்பல், பின்பகுதி செம்பு நிறம். சூரியகாந்தி விதை, நிலக்கடலை, முந்திரி, உலர்பழம் எல்லாவற்றிலும் வரும். காக்டெயில் கிளியின் தீனியில் சூரியகாந்தி விதை இருப்பதால் அங்கே இதை எதிர்பார்க்கலாம்.

மூன்றாவது நெல் அந்துப்பூச்சி. வைக்கோல் நிறம், மற்ற இரண்டையும்விடச் சின்னது. இது நூல் கட்டாது. ஒரு நெல்லுக்குள் ஒரு புழு இருந்து தின்று, பூச்சியானதும் வட்டமான ஒரு ஓட்டை வழியாக வெளியே வரும். பிஞ்சஸ், ஜாவா, புறா வளர்க்கிறவர்கள் நெல் வைப்பார்கள் அல்லவா, அங்கே பாருங்கள். வயலில் கதிர் முற்றும்போதே இது முட்டையிட்டுவிடும். எனவே கும்பப்பூ (மாசி, பங்குனி) அறுவடை முடிந்து புது நெல் வந்திருக்கிறது என்று மலிவாக ஒரு சாக்கு வாங்கி வைத்தால், நெல்லோடு இதையும் சேர்த்தே வாங்குகிறீர்கள்.

பூச்சியே இல்லாமல் சிவப்புப் பழுப்பில் சின்ன வண்டுகள் ஓடினால் அது மாவு வண்டு. மூக்கு நீண்டிருந்தால் கூன்வண்டு. அவற்றுக்கும் இதே குளிர், இதே வெயில், இதே டப்பாதான்.

ஒரு சுவையான விஷயம். இந்த அரிசி அந்துப்பூச்சியை உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடங்களில் வேண்டுமென்றே வளர்க்கிறார்கள். உடைத்த கம்பும் நிலக்கடலைப் பொடியும் போட்டு வளர்த்து, அதன் முட்டையை அட்டையில் ஒட்டி, அதில் டிரைக்கோகிரம்மா என்ற நுண்ணிய குளவியை வளர்த்து, கரும்பு, நெல் வயல்களில் கட்டுவதற்குக் கொடுக்கிறார்கள். கம்பு என்றால் அந்தப் பூச்சிக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அதிலிருந்தே தெரியும்.

மருந்து ஏன் கூடாது

பறவையின் மூச்சு நம் மூச்சு மாதிரி இல்லை. நுரையீரலோடு காற்றுப்பைகளும் இருப்பதால், காற்றில் கலந்த எதையும் நம்மைவிட வேகமாக உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். கரப்பானுக்கு அடிக்கும் ஸ்ப்ரேயைக் கூண்டு இருக்கும் அறையில் அடிக்காதீர்கள். கொசுவத்தியும் கொசு லிக்விட் மெஷினும் அந்த அறையில் வேண்டாம். அந்துருண்டையைத் தீனி அலமாரியில் போட்டால் அதன் ஆவி தீனியில் ஏறும். அதைத் தின்கிற பறவைக்கு அது விஷம்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது தானிய மண்டிகளில் வைக்கும் மாத்திரை. ஈரக் காற்று பட்டதும் அதிலிருந்து கிளம்பும் பாஸ்பீன் வாயு பூச்சியை மட்டும் கொல்லாது. மூடிய வீட்டில் ஆளையே கொல்லும். "ஒரே ஒரு மாத்திரை, துணியில் கட்டிப் போடுங்க" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

புழு இருந்த தீனியைப் பறவை தின்றுவிட்டதே என்று பயப்பட வேண்டாம். புழுவில் விஷம் ஒன்றும் இல்லை. பிஞ்சஸ் குஞ்சு பொரித்திருக்கும் நேரத்தில் புழுவை விரும்பியே தின்னும். கவலை வேறு: புழு தின்று சத்துப்போன மணி, அதன் எச்சம், அதில் ஏறும் ஈரம், கடைசியில் பூஞ்சை. பறவையைச் சாகடிப்பது அந்தப் பூஞ்சைதான்.

எல்லாவற்றையும் வெளியே எடுங்கள்

வெயில் உள்ள ஒரு காலை நேரத்தை ஒதுக்குங்கள். தீனி டப்பா மட்டும் போதாது. அடுக்களையில் ரவை, சத்துமாவு, நிலக்கடலை, முந்திரி, கோழித்தீவனம், நாய் பிஸ்கட் எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். காய்ந்த மிளகாயையும் விடாதீர்கள். தானியத்தில் பூச்சி வராமலிருக்க மிளகாய் வற்றல் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். செம்பு நிறப் பூச்சியோ அந்த மிளகாயையே தின்று வளரக்கூடியது.

ஒவ்வொன்றையும் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு கைப்பிடி பரப்பிப் பாருங்கள். நூல், மணல் மாதிரி எச்சம், பொடி, நெளியும் புழு, ஓட்டை மணி. சந்தேகமானதை ஒரு பக்கம், சுத்தமானதை ஒரு பக்கம் வையுங்கள். சந்தேகமான எதையும் அன்று திரும்ப அலமாரியில் ஏற்றாதீர்கள்.

பிறகு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற கேள்வி. என் கணக்கு இது: மேல் அடுக்கு முழுக்கப் பின்னிக்கிடந்தால், அல்லது முகர்ந்தால் பூஞ்சை வாடை வந்தால், அதைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். காசு போகட்டும். ஒரு கிலோ தினையின் விலையைவிட ஒரு ஜோடி காக்டெயிலின் விலை பல மடங்கு. புழு மட்டும் இருந்து பூஞ்சை இல்லை என்றால், முற்றத்தில் நாட்டுக்கோழி இருக்கிறவர்களுக்குக் கவலையே இல்லை. கொட்டினால் புழுவோடு சேர்த்துப் பொறுக்கிவிடும். பூஞ்சை பிடித்ததைக் கோழிக்கும் போடக் கூடாது. அதைக் கறுப்புக் கவரில் இறுக்கிக் கட்டி, நாள் முழுக்க வெயிலில் போட்டு, பிறகு குழிதோண்டிப் புதையுங்கள். திறந்த குப்பைக்கூடையில் போட்டால் பூச்சி மறுநாளே திரும்பி வீட்டுக்குள் வரும்.

லேசாகத்தான் இருக்கிறது, மணி நன்றாக இருக்கிறது என்றால் சுளவில் போட்டுப் புடைத்து, பிறகு சல்லடையில் சலியுங்கள். தூசி, தொலி, நூல், பெரிய புழு போய்விடும். முட்டை போகாது. அதற்குத்தான் அடுத்து வரும் குளிர்.

கூண்டும் சுவரும்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நூல் விடும் புழுக்களில் முழுதாக வளர்ந்தவை பல தீனிக்குள்ளேயே கூடு கட்டுவதில்லை. டப்பாவை விட்டு வெளியேறி, சுவரேறி, இருட்டான இடுக்கு ஒன்றைத் தேடிப் போகும். தீனியை மாற்றிய பிறகும் பூச்சி வந்துகொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

தேட வேண்டிய இடங்கள்: சுவரில் மாட்டிய காலண்டரின் பின்புறம், அலமாரித் தட்டின் அடிப்பக்கம், கதவின் கீல், ஜன்னல் திரையின் மடிப்பு, ஓட்டு வீடானால் கழிக்கோலும் ஓடும் சேருமிடம், டப்பா மூடியின் மரை. மூடியைத் திருகி எடுத்து, மரையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெள்ளையாக, அரிசி நீளத்தில் ஒரு நூல் கூடு ஒட்டியிருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே பழுப்பாகக் கூட்டுப்புழு இருக்கும்.

கூண்டில் பார்க்க வேண்டியவை தனி. அடித்தட்டில் விழும் தொலி, அதன்கீழ் விரித்த பேப்பரின் மடிப்பு, தீனிப்பெட்டியின் மூலை, குஞ்சு பொரிக்கத் தொங்கவிட்ட மண்பானையின் அடி, மரப்பெட்டியின் இணைப்பு. மண்பானையில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அதைத் தொட வேண்டாம். குஞ்சு வெளிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். மற்றபடி பறவைகளை வேறு கூண்டுக்கு மாற்றி, அந்த அறையை விட்டே வெளியே வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். தூசி பறக்கும்.

வாக்குவம் கிளீனர் இருந்தால் இடுக்குகளில் முதலில் அதை ஓட்டுங்கள். அதன் பையை அன்றே வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிடுங்கள். உள்ளேயே விட்டால் அங்கேயே பொரித்து வரும். வாக்குவம் இல்லாத வீட்டில் பழைய பல்துலக்கும் பிரஷும் சோப்புத் தண்ணீரும் போதும். புழுவும் கூட்டுப்புழுவும் சோப்புத் தண்ணீரில் பிழைப்பதில்லை. மரப்பலகை இடுக்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றலாம், அல்லது தலைமுடி உலர்த்தும் டிரையரை நிதானமாகக் காட்டலாம். மண்பானையை வெந்நீரில் முக்கியெடுத்து இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவிடுங்கள். வினிகர் தேய்க்கச் சொல்கிறார்கள். அது கறையை எடுக்கும், வாடையை மாற்றும். முட்டையைக் கொல்லும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

சுத்தம் செய்த அலமாரி நன்றாகக் காய்ந்த பிறகுதான் எதையும் உள்ளே வைக்க வேண்டும். ஜூன், ஜூலையில் மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் இருக்கிறவர்கள் ஃபேனைத் திருப்பி வைத்து ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள்.

ஃப்ரீசர்: முக்கியமான வேலை இங்கேதான்

மருந்தில்லாத வழிகளில் வீட்டில் செய்யக்கூடிய, நம்பக்கூடிய ஒன்று என்றால் குளிர்தான். மைனஸ் 18 டிகிரியில் நாலு முழு நாள் வைத்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி எல்லாமே செத்துவிடும். தானியத்துக்கு ஒன்றும் ஆகாது. காய்ந்த விதை குளிரில் முளைப்புத் திறனையும் இழப்பதில்லை. அதனால் முளைகட்டிக் கொடுக்கிறவர்களுக்கும் இதுவே சரி.

ஆனால் எல்லா ஃப்ரீசரும் மைனஸ் 18-க்குப் போகாது. சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் ஐஸ்கிரீம் கல் மாதிரி உறையாமல் குழைவாகவே இருக்கிறது என்றால் குளிர் போதவில்லை என்று அர்த்தம். அப்படியானால் ஒரு வாரம் வையுங்கள். இடையில் நீண்ட நேரம் கரண்ட் போனால் கணக்கை முதலிலிருந்து தொடங்குங்கள். ஃப்ரிட்ஜின் கீழ்ப்பகுதி உதவாது. அந்தக் குளிரில் புழு தூங்கிக்கொண்டு நாள் கடத்தும்.

தீனியை மூட்டையாக வைத்தால் நடுவில் குளிர் ஏற ஒரு நாளுக்கும் மேலாகும். ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோவாகப் பிரித்து, கவரில் போட்டு, கையால் தட்டையாக அழுத்தி, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். இரண்டு விரல் கனத்துக்கு மேல் வேண்டாம். நம் வீட்டு ஃப்ரீசரில் எப்படியும் சாளையோ நெய்மீனோ இருக்கும். எனவே இரட்டைக் கவர் போடுங்கள். பறவை பொறுத்துக்கொண்டாலும் அதற்குத் தீனி வைக்கிற நமக்கு அந்த வாடை ஆகாது.

எடுக்கும்போது கவனம். வெளியே எடுத்த உடனே கவரைத் திறந்தால் நம் ஊர் ஈரக் காற்று நேராகக் குளிர்ந்த தினைமேல் பட்டு வியர்த்துவிடும். அந்த ஈரம் நாலைந்து நாளில் பூஞ்சையாகும். கவரைத் திறக்காமல் ஒரு இரவு முழுக்க அப்படியே வையுங்கள். கவரின் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் கோக்கும். அதைத் துணியால் துடைத்துவிட்டு, உள்ளே இருப்பது அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறங்கள். இந்த ஒரு விஷயத்தில் அவசரப்பட்டால் ஃப்ரீசர் வேலை முழுதும் வீண்.

வெயிலை நம்பலாமா

நம்பலாம், முறையாகச் செய்தால். மொட்டைமாடியில் பாய் விரித்துத் தினையைக் காயப்போடுவது மட்டும் போதாது. கடல் காற்று அடிக்கும் ஊரில் வெறும் வெயிலில் தினை உலரும், பூச்சி பறந்துபோகும், புழு நகர்ந்து நிழலுக்குப் போகும், முட்டை அப்படியே இருக்கும். போதாததற்குக் காக்கையும் அணிலும் வேறு.

வெப்பம் 50 டிகிரிக்கு மேலே போய் ஒரு மணி நேரமாவது நின்றால்தான் முட்டை சாகும். அதற்கு வழி: தரையில் முதலில் சாக்கையோ தென்னங்கீற்றையோ போடுங்கள், தரை சூட்டை உறிஞ்சாமல் இருக்க. அதன்மேல் கறுப்புத் தார்ப்பாய். தீனியை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். நாலு ஓரமும் கல் வைத்து, காற்றோ புழுவோ வெளியேறாதபடி அழுத்துங்கள். பகல் பதினொன்றிலிருந்து மூன்று வரை. மாசி, பங்குனி, சித்திரை வெயிலில் உள்ளே 60 டிகிரி தாராளமாக வரும். கையை வைத்தால் பொறுக்காது. எடுத்ததும் நிழலில் நன்றாக ஆறவிட்டுத்தான் டப்பாவில் போட வேண்டும். சூட்டோடு அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து மறுபடி ஈரமாகும்.

இதில் இரண்டு விலக்கு. சூரியகாந்தி, குசும்பா விதைகளில் எண்ணெய் இருக்கிறது. சூடு பட்டால் சிக்கு வாடை வரும். அவற்றுக்கு ஃப்ரீசர்தான். முளைகட்டுவதற்கான தானியத்தையும் இப்படிச் செய்யாதீர்கள், முளைப்பு குறையலாம்.

அப்புறம் நம் மாவட்டத்துக்கு இரண்டு மழை. ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. அந்த மாதங்களில் வெயிலை நம்பி உட்கார முடியாது. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஓரளவு வெயில் கிடைக்கலாம். விளவங்கோடு, கல்குளம் பக்கம் இருக்கிறவர்கள் ஃப்ரீசரையே பிடித்துக்கொள்ளுங்கள்.

மின்சார ஓவன் இருக்கிறவர்கள் 60 டிகிரியில் தட்டில் மெல்லிதாகப் பரப்பி ஒரு மணி நேரம் வைக்கலாம். வாணலியில் வறுக்க நினைத்தால் நான்ஸ்டிக்கில் மட்டும் வேண்டாம். அது அளவுக்குமேல் சூடானால் வரும் புகை நமக்குத் தெரியாமலே கூண்டுப் பறவையைக் கொன்றுவிடும். தீனிக்கு மட்டுமில்லை, கூண்டு அடுக்களைக்குப் பக்கத்தில் இருந்தால் தோசை சுடும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

எதில் போட்டு வைப்பது

கடைக்காரர் கட்டித் தரும் மெல்லிய கவர் ஒரு தடையே இல்லை. இந்தப் புழுக்கள் அதைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளேயும் போகும், வெளியேயும் வரும். சாக்கு, ஓலைப்பெட்டி, துணிப்பை பற்றிச் சொல்லவே வேண்டாம். பழைய வீட்டுப் பத்தாயம் பார்க்க அழகு. அதன் பலகை இடுக்கு பூச்சிக்குப் பரம்பரை வீடு. பறவைத் தீனியை அதில் போடாதீர்கள்.

ரப்பர் வளையம் வைத்த மூடியுள்ள கண்ணாடி ஜாடி நல்லது. எவர்சில்வர் டப்பாவுக்கு மூடி லூசாக இருந்தால் பொரித்த குட்டிப் புழு அந்த இடுக்கில் நுழைந்துவிடும். செலவில்லாமல் ஒன்று வேண்டுமென்றால், இரண்டு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டில். கழுவி, முழுதும் காயவைத்து, புனல் வைத்துத் தினையைக் கழுத்துவரை நிரப்புங்கள். நடுவே பாட்டிலைத் தரையில் தட்டித் தட்டி நிரப்பினால் காற்று குறையும். உள்ளே ஏதாவது முட்டை தப்பியிருந்தாலும், இருக்கும் கொஞ்சம் ஆக்சிஜன் தீர்ந்ததும் மேற்கொண்டு வளராது. அதனால் பாதி நிரம்பிய பெரிய டப்பாவைவிட, கழுத்துவரை நிரம்பிய சின்னப் பாட்டில்கள் மேல். அன்றாடம் எடுப்பதற்கு ஒரு பாட்டில் போதும், மற்றவற்றைத் திறக்காதீர்கள். ஒன்றில் பூச்சி வந்தாலும் மற்றவை தப்பும்.

பழைய தீனி மேல் புதுத் தீனியைக் கொட்டி நிரப்பும் பழக்கத்தை விடுங்கள். பாட்டில் காலியானதும் கழுவி, காயவைத்து, பிறகு நிரப்புங்கள்.

ஈரம் பார்க்கும் உப்புச் சோதனை

அடைக்கும் முன் தீனி காய்ந்திருக்கிறதா என்று பார்க்க மெஷின் வேண்டாம். பொடி உப்பைக் கொஞ்சம் வெறும் சட்டியில் வறுத்து ஆறவையுங்கள். நம் ஊரில் உப்பே நசநசவென்று இருப்பதால் வறுக்காமல் செய்தால் சோதனை பொய் சொல்லும். ஈரமில்லாத ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால்பங்கு தினையும் ஒரு கரண்டி உப்பும் போட்டு, மூடி, ஒரு நிமிஷம் நன்றாகக் குலுக்கி, பத்து நிமிஷம் வையுங்கள். பாட்டிலின் உட்புறத்தில் உப்பு ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். உப்பு ஒட்டாமல் அடியில் விழுந்தால் அடைக்கலாம். சோதித்த தினையைப் பறவைக்குப் போடாதீர்கள், உப்பு ஆகாது.

மழைக்காலத்தில் பாட்டிலுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வைக்கலாம். தீனியோடு சேர்த்துக் கூண்டில் விழாதபடி மூடியின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். அது கிடைக்காவிட்டால் சிரட்டைக்கரியைச் சூடாக்கி ஆறவைத்து, துணியில் முடிந்து போடலாம். கொஞ்சம் உதவும்.

வேப்பிலை, வசம்பு, நொச்சி

அம்மாமார் சொல்லும் கைவைத்தியம் எல்லாம் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ந்த வேப்பிலையும் நொச்சியும் வரும் பூச்சியைக் கொஞ்சம் தள்ளி வைக்கும். ஆனால் ஏற்கெனவே உள்ளே இருக்கிற முட்டையையும் புழுவையும் ஒன்றும் செய்யாது. பச்சை இலையைப் போட்டால் அதன் ஈரமே பூஞ்சைக்கு வழி. காய்ந்த இலையை அலமாரித் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், தீனிக்குள் வேண்டாம்.

வசம்பு வேறு கதை. விதைநெல்லில் போடுவதற்கு அது நல்ல சரக்கு. அதிலுள்ள அசரோன் என்ற பொருள் உயிர்களுக்கு நல்லதல்ல. முப்பது கிராம் எடையுள்ள லவ் பேர்டுக்கு அதைப் பரீட்சை பார்க்க வேண்டாம். மஞ்சள் பொடி, சாம்பல், டயட்டம் மண் எதையும் தீனியில் பிசறக் கூடாது. பறவை உமி நீக்கும்போது பொடி மூக்கில் ஏறும்.

பறக்கிறதைப் பிடிக்க

மிச்சமிருக்கும் பூச்சிகளைக் குறைத்தால் முட்டை குறையும். நம் வீடுகளில் கொசு அடிக்க வைத்திருக்கும் மின்சார மட்டைதான் இதற்குச் சரியான ஆயுதம். இருட்டத் தொடங்கும் நேரத்தில்தான் இவை பறக்கும், பறப்பதும் மெதுவாகத்தான். கூண்டிலிருந்து தள்ளி நின்று அடியுங்கள். அந்த 'பட்' சத்தத்துக்குப் பறவைகள் மிரளும். பல்லி இருந்தால் விரட்டாதீர்கள்.

ஆன்லைனில் அடுக்களைப் பூச்சிக்கு என்று ஒட்டும் அட்டை விற்கிறார்கள். பெண் பூச்சியின் வாசனையை அட்டையில் ஏற்றி ஆண் பூச்சியை இழுப்பது அதன் வேலை. செம்பு நிறப் பூச்சி அதில் விழும். அரிசி அந்துப்பூச்சியில் கதை தலைகீழ்: அங்கே ஆண்தான் வாசனை விட்டுப் பெண்ணை அழைக்கும். அதனால் அந்த அட்டையில் அது விழாது. அட்டை காலியாக இருக்கிறது, ஆகவே வீட்டில் பூச்சி இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். எந்த ஒட்டும் அட்டையையும் கூண்டுக்கு வெளியே விடும் பறவை எட்டும் இடத்தில் வைக்கவே கூடாது. சிறகு ஒட்டிக்கொண்டால் அவதி.

இரண்டு மாதம் விடாமல்

சுத்தம் செய்த இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் மறுபடி ஒன்றிரண்டு பூச்சி பறக்கும். சோர்ந்து போகாதீர்கள். அது சுவர் இடுக்கில் இருந்த கூட்டுப்புழு. முட்டையிட அதற்குத் தீனி கிடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் இப்போது வேலை. கூண்டில் ஒரு நாள் தின்னும் அளவு மட்டும் வையுங்கள்; சாயங்காலமே மிச்சத்தை எடுத்துவிட்டுக் காலையில் புதிதாக வையுங்கள். குஞ்சு வைத்திருக்கும் ஜோடிக்கு மட்டும் இருட்டும் வரை இருக்கட்டும். அடித்தட்டுத் தொலியை நாள்தோறும் தட்டுங்கள், பேப்பரை மாற்றுங்கள். வாரம் ஒருமுறை காலண்டருக்குப் பின்னாலும் மூடி மரையிலும் பார்வை போகட்டும். இரண்டு மாதம் தொடர்ந்து ஒரு பூச்சியும் கண்ணில் படவில்லை என்றால் வீடு சுத்தம். அதற்குப் பிறகு வருவது எல்லாம் கடையிலிருந்து புதிதாக வருவதுதான்.

கடையில் வாங்கும்போது

வடசேரியோ தக்கலையோ திங்கள்சந்தையோ, எங்கே வாங்கினாலும் சாக்கைப் பார்த்து வாங்குங்கள். சாக்கின் வாய் மடிப்பிலும் மூலைத் தையலிலும் நூலாம்படை இருந்தால் திரும்பி வந்துவிடலாம். "அண்ணாச்சி, இந்தச் சாக்கு எப்ப பிரிச்சது?" என்று கேட்பதில் தப்பில்லை. நல்ல கடைக்காரர் கோபப்பட மாட்டார். "நேத்துதான் வந்துது, கைய விட்டுப் பாருங்க" என்பார். கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி எடுங்கள், மேலே இருப்பதை அல்ல. பொடி கையில் அதிகமாக ஒட்டினாலும், மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தாலும் வேண்டாம். தீனி அதிகம் ஓடும் கடையில் வாங்குங்கள். பெயர் பெரிய பாக்கெட்டாக இருந்தாலும் தட்டில் மாதக்கணக்கில் தூசி படிந்து கிடந்தால் அதிலும் இதே பூச்சிதான்.

எவ்வளவு வாங்குவது என்று கணக்குப் போடுங்கள். ஒரு லவ் பேர்ட் நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் தின்னும், காக்டெயில் 15 முதல் 20 கிராம். இரண்டு ஜோடி லவ் பேர்டுக்கு மாதம் 1.2 கிலோ, சிந்துவதைச் சேர்த்தால் ஒன்றரைக் கிலோ. மொத்தமாக வாங்கினால் கிலோவுக்கு ஐந்து ரூபாய் குறைகிறது என்று பத்துக் கிலோ வாங்கிப் போட்டால், பறவை தின்று முடிக்கும் முன் பூச்சி நாலைந்து தலைமுறை பார்த்துவிடும். பறவை வளர்க்கும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு சாக்கு வாங்கிப் பங்கு போட்டுக்கொள்ளலாம். மழை தொடங்கும் முன், மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும், வீட்டில் இருக்கும் இருப்பை ஒருமுறை ஃப்ரீசரில் ஏற்றி இறக்கிவிட்டால் மழை மாதங்கள் நிம்மதியாகப் போகும்.

வாங்கி வந்த தீனியைக் கூண்டு இருக்கும் அறைக்குக் கொண்டுபோகாதீர்கள். வாசலிலிருந்து நேரே ஃப்ரீசர். ஃப்ரீசரில் இடம் இல்லை என்றால் அதிலுள்ள மீனை முதலில் குழம்பு வையுங்கள்.